குட்டீஸ் பிரிவுக்குப் போன என் பேரீச்சை சோடா

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி மாதம். ஷார்ஜா முவைலாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலை எடுத்து எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் குடும்ப தினம் நடத்தியது. மேடையில் பிள்ளைகளின் ஆட்டம், ஒரு பக்கம் பிரியாணி, பின்பக்கம் பெண்களுக்கான போட்டி என்று வழக்கமான அமளி. அந்த வருடப் போட்டி, வீட்டில் தயாரித்த பானங்களுக்கு. அதில் கலந்துகொள்ளப் போய் நான் பட்ட பாட்டைக் கூடப்பிறந்த தங்கச்சியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஷார்ஜாதான். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார், ஒரே மகள். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம், போட்டி என்று எங்கே அறிவித்தாலும் பெயர் கொடுத்துவிடுவது. இதுவரை ஜெயித்ததும் கிடையாது. முந்தைய வருடம் இனிப்புப் போட்டிக்கு வட்டிலப்பம் செய்துகொண்டு போனேன். கடைந்த முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எங்கள் ஊர்க் கல்யாணத்துக்குச் செய்கிற பக்குவத்தில், அப்படி வந்திருந்தது. ஆனால் பெயர் கொடுக்கும்போது 'பாரம்பரிய இனிப்பு' பிரிவில் கூட்டம் அதிகமாக இருக்கிறதே என்று 'கேக்' பிரிவில் கொடுத்துவிட்டேன். நடுவர் கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது ஏன் உப்பவே இல்லை என்று கேட்டார். கடைசி இடம்.

அதனால் இந்தத் தடவை முதலில் பிரிவைப் படித்தேன், பிறகுதான் பானத்தைப் பற்றியே யோசித்தேன். மூன்று பிரிவு வைத்திருந்தார்கள். ஒன்று சர்பத், பழச்சாறு வகை. இரண்டாவது மோர், கஞ்சி, கொம்புச்சா மாதிரி புளிக்கவைத்த பானங்கள். மூன்றாவது 'குட்டீஸ் சாய்ஸ்'. அதில் பெரியவர்கள் நடுவர் கிடையாது. எட்டிலிருந்து பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளே குடித்துப் பார்த்து, சிரிக்கிற முகமோ அழுகிற முகமோ வரைந்த அட்டையைத் தூக்குவார்கள். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? இனிப்பு வேண்டும், மூக்கில் ஏறுகிற மாதிரி நுரை வேண்டும். அவ்வளவுதானே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரீச்சம்பழமும் இஞ்சியும் சேர்த்து வீட்டிலேயே சோடா செய்கிற வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. பேரீச்சம்பழத்தைக் கொதிநீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, இஞ்சிச்சாறு, எலுமிச்சை, சர்க்கரை சேர்த்து, ஆறியதும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் தானே நுரை வந்துவிடுமாம். ஈஸ்ட் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் ஆப்ப மாவுக்கு அதைத்தான் போடுகிறோம். வாரா வாரம் ஆப்பத்தில் சாப்பிடுகிற ஈஸ்ட்தானே என்று எனக்குத் துளிகூட யோசனை வரவில்லை. துபாய் சத்வா கடைத்தெருவுக்குப் போய், கம்பி போட்டு இறுக்கி மூடுகிற கண்ணாடி பாட்டில்கள் வாங்கிவந்தேன். பாட்டிலைப் பார்த்தே பாதி மார்க் விழும் என்பது என் எண்ணம்.

செய்த மறுநாளே அருமையாக நுரைத்து நின்றது. குடும்ப தினம் முதலில் அறிவித்திருந்த வெள்ளிக்கிழமையே நடந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் அந்த வாரம் பார்த்து மழை கொட்டியது. மழை வந்தால் ஷார்ஜா எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ரோடெல்லாம் குளம், கார்களெல்லாம் பாதி முழுகி நிற்கும். நிகழ்ச்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. வீட்டுக்காரர் மலிவாகக் கிடைத்தது என்று நெய்மீனை வாங்கி நிரப்பியிருந்தார். அதனால் பாட்டில்களைக் கிச்சனில் வாட்டர் ஹீட்டர் இருக்கிற அலமாரிக்குள் வரிசையாக அடுக்கினேன். குளிர்காலத்திலும் அந்த அலமாரி கதகதவென்று இருக்கும். தினமும் ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் இனிப்புக் குறைந்துகொண்டே வந்தது. இஞ்சியின் காரம் தூக்கலாகத் தெரிகிறது போல, பிள்ளைகளுக்கு இது ஆகாதே என்று எல்லா பாட்டிலிலும் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் பேரீச்சம்பழக் கரைசலும் ஊற்றி மூடுவேன். மறுநாள் பார்த்தால் போட்ட இனிப்பைக் காணோம். நானும் விடவில்லை.

ஊறவைத்த பேரீச்சம்பழத் தண்ணீரை வைத்து வைத்துக் குடிக்கக்கூடாது, பொங்கிப்போனால் கொட்டிவிட வேண்டும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதிக்கொடுத்த இடத்திலேயே கேட்டிருக்கிறேன். அது மனசில் ஓரமாக வந்துதான் போனது. ஆனால் அது வேறு, நான் செய்வது சோடா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போட்டி நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய கிளாஸ் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சும்மா கிர்ருனு ஏறுது புள்ள, இந்த வருசம் பரிசு உனக்குத்தான்" என்றார். எனக்கும் ருசி பார்த்ததில் நெஞ்சுக்குள் இதமாகச் சுடுகிற மாதிரி இருந்தது. இஞ்சியின் மகிமை என்று நினைத்தேன். மகளும் கேட்டாள். அவளுக்கும் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன், இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்றாள். காரில் போகும்போது பின் சீட்டில் தூங்கிவிட்டாள். எங்களை ஹாலில் இறக்கிவிட்டுவிட்டு வீட்டுக்காரர் கடைக்குப் போனார்.

பெயர் பதிகிற மேசையில் முன்பின் பார்த்திராத ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். இலங்கைத் தமிழ், நாற்பதைத் தாண்டிய வயது. குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவர் என்றும், அதனால்தான் சங்கத்தார் அவரைப் போட்டிக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றும் பக்கத்தில் நின்ற பெண்மணி சொன்னார். கொண்டுபோன ஆறு பாட்டிலையும் மேசையில் வைத்து, குட்டீஸ் பிரிவு என்றேன். உதவிக்கு நின்ற இரண்டு பெண்கள் அதில் மூன்று பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒன்றை அந்த அக்கா திறந்து பார்க்க எடுத்தார்.

கம்பியைத் தளர்த்தியதுதான் தெரியும். பட்டென்று மூடி தெறித்து, நுரை பொங்கி அவர் சட்டை, மேசை விரிப்பு எல்லாம் நனைந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எப்படி நுரை பார்த்தீர்களா என்று சிரித்தபடி நின்றேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டில் வாயை மூக்கருகே கொண்டுபோனார். கரண்டியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் தொட்டுவிட்டு டிஷ்யூவில் துப்பினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன திமிர், பிடிக்கவில்லை என்றால் இப்படியா முகத்துக்கு நேரே துப்புவது என்று வாய்வரை வந்துவிட்டது.

"தங்கச்சி, ஒரு நிமிசம் இங்கால வாங்கோ" என்று என் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் கூலர் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, இதில் என்னென்ன போட்டீர்கள், எப்போது செய்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் விறைப்பாகவே பதில் சொன்னேன். பேரீச்சம்பழம், ஈஸ்ட், சர்க்கரை, அப்புறம் தினமும் மறுபடி சர்க்கரை என்று சொல்லும்போது அவர் என்னை நிறுத்தினார்.

"இவ்வளவு சீனி போட்டிருக்கிறீங்கள். இப்ப குடிச்சா இனிப்பே இல்லை. அந்தச் சீனியெல்லாம் எங்க போச்சுது?"

இஞ்சிக் காரம் என்று முணுமுணுத்தேன்.

"சீனி சும்மா காணாமப் போகாது தங்கச்சி. நீங்கள் போட்ட ஈஸ்ட் அதைத் திண்டுட்டுது. திண்டு ஆல்கஹாலா மாத்தி வச்சிருக்கு. பியரில இருக்கிற அளவு இருக்கும். கூடவும் இருக்கலாம்."

கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. உள்ளே மேடையில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, அது எங்கோ தூரத்தில் கேட்டது. மது என்ற பேச்சுக்கே இடமில்லாத ஷார்ஜாவில், ஐந்து வேளை தொழுகிற வீட்டில், வாட்டர் ஹீட்டர் அலமாரிக்குள் நான் ஒரு வாரமாக அதைத்தான் பக்குவம் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறேனா? என் கையால் புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேனா? மகள் காரில் தூங்கியது ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மற்ற போத்தல் எங்க?" என்று அந்த அக்கா கேட்டார்.

அப்போதுதான் இருவருக்குமே உறைத்தது. மூன்று பாட்டில் உள்ளே போயிருக்கிறது. குட்டீஸ் பிரிவு.

நான் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நான் அப்படி ஓடியது கிடையாது. பிரியாணி வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு, யாரோ என்னைத் திட்ட, பின்பக்கம் போய்ச் சேர்ந்தால் நீள மேசையில் ஆறேழு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேப்பர் கப். கப்பில் என் நிறம். மேசை ஓரத்தில் மூடி திறந்த என் பாட்டில்.

ஒரு பையன் கப்பை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்து, "ஆன்ட்டி, இது சானிடைஸர் மாதிரி ஸ்மெல் பண்ணுது" என்று உதவிக்கு நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டிப் பெண், கப்பை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோய்விட்டாள். உதடு கப்பில் பட்டுவிட்டது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கையை வீசி அந்தக் கப்பைத் தட்டிவிட்டேன். அது அவள் பாவாடையெல்லாம் கொட்டி, அவள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். நிற்கவில்லை நான். மேசையில் இருந்த எல்லாக் கப்பையும் ஒரே வீச்சில் கையால் வழித்துக் கீழே தள்ளினேன். பாட்டு நின்றது போல இருந்தது. ஹாலே என்னைப் பார்த்தது. அந்தக் குழந்தையின் அம்மா ஓடிவந்து, "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. உண்மையைச் சொன்னால் என்னவாகும்? அங்கே முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் போன் எடுத்தால் போதும். கடை, விசா, மகளின் படிப்பு எல்லாம் அந்தத் தரையில் கிடந்த நுரையில் மிதந்துகொண்டிருந்தது.

மூச்சு வாங்க அந்த அக்கா வந்து சேர்ந்தார். குழந்தை குடித்தாளா என்று முதலில் குனிந்து அவளிடமே கேட்டார். அவள் அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டினாள். மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் குடிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "இந்தப் பானம் பழுதாப் போச்சுது. பிள்ளையள் குடிச்சிருந்தா வயித்துக்கு ஆகியிராது. இவதான் கண்டுபிடிச்சு ஓடிவந்து தடுத்தவ. இதைப் போட்டியில இருந்து எடுத்தாச்சு."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. கெட்டுப்போனதைக் கொண்டுவந்திருக்கிறாள் பார் என்று நாலு பேர் வாய்க்குள் பேசியது காதில் விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அது காதுக்கு இதமாகவே இருந்தது. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவரே இறங்கிவிட்டார், பரவாயில்லை விடுங்க என்றார்.

ஓடிப்போய் மகளைத் தேடினேன். முகத்தில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டு தோழிகளோடு குதித்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா அவளைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்து, கண்ணைப் பார்த்து, நேராக நடக்கவிட்டுப் பார்த்து, நிறையத் தண்ணீர் குடிக்கவைத்தார். இரண்டு மடக்குத்தானே, நன்றாக இருக்கிறாள், ஆனாலும் இரவுவரை கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பட்டாம்பூச்சி அழியுது உம்மா என்று அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

மீதி பாட்டில்களை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பெண்கள் கழிவறைக்குப் போனோம். கதவைத் தாழிட்டுவிட்டு ஒவ்வொன்றாக ஊற்றினோம். பெயர் தெரிந்த பிறகு அந்த வாசனையும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் அது என் மூக்குக்கு எப்படித் தெரியாமல் போனது என்பது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. நான் தேம்பிக்கொண்டே இருந்தேன். என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். மெல்பேர்னில் இருக்கிறாராம். அங்கே வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி சரிதானாம், அதற்குப் போட்டிகூட உண்டாம். ஒருமுறை அங்கே போயிருந்தபோது அந்தப் போட்டியில் நடுவர்கள் சொல்வதை எழுதிக் கொடுக்கிற வேலைக்கு அண்ணன் இவரையும் இழுத்துவிட்டிருக்கிறார்.

"அங்கயும் உங்களை மாதிரித்தான். கறுப்பு பியர் எண்டு நினைச்சுக் காய்ச்சியிருப்பினம். வந்தது வேற என்னவோவா இருக்கும். ஆனா நினைச்ச பேரை விடமாட்டினம், அந்தப் பிரிவிலயே கொண்டுவந்து குடுப்பினம். நடுவர் என்ன செய்வார்? நீங்கள் என்ன செய்ய நினைச்சனீங்கள் எண்டு அவர் பார்க்கேலாது. கிளாசுக்குள்ள என்ன இருக்கோ அதுக்குத்தான் பிரிவு."

கடைசி பாட்டிலை ஊற்றும்போது கொஞ்சம் தயங்கி, "கோவிக்காதேங்கோ, அங்க கொண்டுபோயிருந்தா இது ஏதோ ஒரு பிரிவில பரிசே எடுத்திருக்கும். நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன். வாழ்க்கையில் என் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த முதல் பரிசு வார்த்தை, அதுவும் எதற்கு, எந்த இடத்தில் பாருங்கள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் நினைவு வந்தது. மதியம் குடித்த பெரிய கிளாசோடு எங்களைக் கூட்டிப்போக மறுபடி வண்டி எடுப்பார். இந்த நாட்டில் குடித்துவிட்டு ஓட்டினால் என்ன என்று சொல்லவே வேண்டாம். உடனே போன் போட்டேன். விஷயத்தைப் போனில் சொல்ல பயம். "வயிறு சரியில்ல, வண்டியத் தொடாதீங்க, டாக்ஸியில வாங்க மச்சான்" என்றேன். "வயிறு உனக்கா எனக்கா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தார். பள்ளிக்கூட வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "புள்ளைக்கும் குடுத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய் மகளைத் தூக்கினார். தூக்குகிற வயதை எப்போதோ தாண்டியவள். அவள் நெளிய நெளிய, கன்னத்தோடு கன்னம் வைத்து அவள் மூச்சை முகர்ந்து பார்த்தார். மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தெரியாமல் நடந்தது, அல்லாஹ் அறிவான் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அலமாரியில் மிச்சமிருந்த பாட்டில்களை அவரே கொட்டினார். அடுப்படியில் இருந்த ஈஸ்ட் டப்பாவையும் தூக்கிப் போட்டார். அதற்கப்புறம் நாலு மாதம் எங்கள் வீட்டில் ஆப்பம் கிடையாது.

அந்த அக்கா நினைத்திருந்தால் ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். நான் யார், எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரியாது. என் பானத்துக்கு என்ன பெயர் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பிள்ளைகளைக் காப்பாற்ற எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். நன்றி சொல்லக்கூட எனக்கு நிதானம் இல்லை. பிறகு விசாரித்தபோது அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எந்த விருந்தில் எந்தக் குழந்தை பேப்பர் கப்பை வாயருகே தூக்கினாலும் எனக்கு இன்றும் ஒரு கணம் மூச்சு நின்றுதான் வருகிறது. அந்த ஒரு கணத்தில் அந்த அக்காவுக்காக ஒரு துஆ கேட்டுவிடுகிறேன்.